விடுங்க என்று யார் சொல்வது?

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காகக் கருவுற்றது. அங்கேயே கலைந்தும் போனது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் தெரிந்தால் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள்.

பெரிய மருத்துவமனை ஒன்று தன் ஸ்கேன் பிரிவில் நடந்த மாற்றத்தைக் கொண்டாட மலர் போட்டது. அதுவரை படம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே, ஸ்கேன் ஊழியர்கள் இனி ஊசியும் பிடிக்கலாம். படத்தைப் பார்த்தபடியே உடம்புக்குள் ஊசியைச் செலுத்திச் சதைத் துணுக்கு எடுக்கலாம், சீழ் வடிக்கலாம், குழாய் வைக்கலாம். எல்லாம் அதுவரை டாக்டர்கள் மட்டுமே செய்துவந்த வேலை. இதற்குப் ‘பணி விரிவாக்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மலர்க்குழுவிலிருந்து ஒருவர் பேசினார்.

“ரெண்டு பக்கம் போதும் சார். சின்னக் கதையா, நெகிழ்ச்சியா இருக்கணும். கடைசில எல்லாரும் சந்தோஷமா இருக்கணும்.”

“நோயாளின்னு ஒருத்தர் வருவாரே?”

“வரட்டும் சார். அவரும் சந்தோஷமா இருக்கட்டும்.”

சரி, அறையையாவது பார்த்துவிட்டு எழுதலாம் என்று போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் இயந்திரத்தின் வளையத்துக்குள் படுத்திருந்தார். இந்தப் பக்கம் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த ஊழியர் பொத்தானை அழுத்தி “மூச்சை இழுங்க, பிடிங்க” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். “இந்தக் கண்ணாடி ரொம்பக் கனமோ?” என்று கேட்டுத்தொலைத்தேன். அவர் மரியாதையாகத் திரும்பி விளக்கினார். ஈயம் கலந்த கண்ணாடி, கதிர் ஊடுருவாது, இத்யாதி. திடீரென்று “ஐயோ!” என்று பொத்தான்மேல் பாய்ந்தார். “விடுங்க, விடுங்க, மூச்சை விடுங்க!” உள்ளே படுத்திருந்தவர் புஸ்ஸென்று காற்றை விட்டார். எல்லோரும் சிரித்தோம். வெளியே வந்து அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. இனி இதில் சிரிப்பு அவ்வளவாக இருக்காது.

2

முதல் தொடக்கம்: “அவளுடைய விரல்கள் மனித உயிரைத் தொடுவதற்கென்றே படைக்கப்பட்ட —”

(மலருக்கு எழுதியது. மன்னியுங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: “அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. அவள் வாழ்க்கைக்கும் —”

(இதற்கு மன்னிப்பே கேட்க முடியாது.)

மூன்றாவது: பல வருடங்களாக அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தாள்.

இது நிற்கும். ஆஸ்பத்திரி முழுக்க அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரேயை விட்டு ஸ்கேனுக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் பெயர் மட்டும் பழைய அறையிலேயே தங்கிவிட்டது. காலையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்தால் மாலைவரை மூன்று சொற்கள். இழுங்க. பிடிங்க. விடுங்க. அமைச்சர் வீட்டு மாமியாருக்கும் இதே மூன்று, மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும் இதே மூன்று. அந்த மைக்குக்கு ஒரு குணம் உண்டு: பொத்தானை அமுக்கிக்கொண்டே பேச வேண்டும். விரலை எடுத்தால் குரல் இந்தப் பக்கமே நின்றுவிடும். அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டு அந்தப் பொத்தானில் எழுத்து அழிந்து வழவழப்பாகியிருந்தது.

ஊசி போட வேண்டிய நாட்களில் பெரிய டாக்டர் உள்ளே போவார். ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு நோயாளியின் முதுகுப் பக்கம் நிற்பார். வாயைத் திறக்க மாட்டார். மோவாயை லேசாக உயர்த்துவார். இவள் “பிடிங்க” என்பாள். அவர் கை நகரும். மோவாய் இறங்கும், இவள் “விடுங்க” என்பாள். கோயில் யானைக்கும் பாகனுக்கும் உள்ள ஒப்பந்தம்போல என்று —

(வேண்டாம். இதில் யார் யானை என்ற கேள்வி வரும்.)

அப்படிப் பார்த்துப் பார்த்து அவள் மனத்தில் ஒன்று பதிந்தது. உள்ளே நிற்பவர் பேசுவதில்லை. பேசுவது வெளியே இருப்பவர் வேலை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

பயிற்சி முடிந்தது. தேர்வு முடிந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை வந்தது. அதில் ‘மேம்பட்ட இடையீட்டுச் செயல்முறைக் கதிர்ப்பட வல்லுநர்’ என்று அச்சிட்டிருந்தது. எழுத்து கொள்ளாமல் அட்டையைப் படுக்கைவாட்டில் அடித்திருந்தார்கள்; அதனால் தொங்கும்போது அவள் பெருமை சாய்ந்தே தொங்கியது. வார்டு நர்ஸ் தலையைச் சாய்த்துப் படித்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நோயாளிக்குக் குணமாயிடும்போல.”

அவளுக்குக் கோபம் வந்தது. வந்ததை மறைக்கத் தெரியவில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் கதைகளில் இப்படிப்பட்ட பெண் அடக்கமாக இருப்பாள். நானும் அடக்கமாக வைத்துத்தான் பார்த்தேன்; அட்டையை மேசை டிராயரில் போட்டு மூடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. காய்கறி வாங்கப் போகும்போதும் மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் வண்டியில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் ஒரு பிரேக்.

“அப்ப இனிமே டாக்டர் பக்கத்துல நிப்பாரா?” என்று சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே கேட்டார்.

“எதுக்கு? நானேதான் போடணும். அவர் வெளிய இருப்பார்.”

“வெளியன்னா? அவர் காலடியில பிரேக் இருக்கா இல்லையா?”

“இது காரா? உங்களுக்கு எல்லாமே கார்தான்.”

“நான் ஒண்ணும் சொல்லலடி தாயே. ரெண்டாவது பிரேக் இருக்குதுன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டறவன்தான் நேரா சுவத்துல போய் விடுவான். பிரேக்கே இல்லன்னு தெரிஞ்சவன் உருட்டிக்கிட்டாவது போயிடுவான்.”

“இனிமே நான் மைக்ல கத்தறவ இல்லைங்க. அதைப் புரிஞ்சுக்கோங்க. இழுங்க, பிடிங்க, விடுங்கன்னு இனிமே என் வாயால வராது.”

“நம்ம வீட்டுலயாவது சொல்லு. என்னை மூச்சுவிடச் சொல்ல வேற யார் இருக்கா?”

இருவரும் சிரித்தார்கள். அவள் சொன்னது மட்டும் விளையாட்டுக்கு அல்ல.

4

நோயாளி. இவரைப் பற்றி எனக்குப் பல சந்தேகங்கள். முதல் படியில் இவர் புல்லாங்குழல் வாசிப்பவர். மூச்சு, குழல், துளை, ஊசி என்று எல்லாம் அழகாகக் கோத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு அழகாக வந்ததால் சந்தேகப்பட்டு அடித்தேன். இரண்டாவது படியில் அவருக்குத் தொழிலே இல்லை. அப்போது அவர் படுத்துக்கொண்டு எனக்கென்ன என்றிருந்தார்.

இப்போது ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். காலம் முழுவதும் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவர். முதுகு இன்னும் வளையவில்லை. நுரையீரலின் பின்பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று. அது என்னவென்று தெரியத் துணுக்கு எடுக்க வேண்டும். மகள் கூட வந்திருந்தாள்.

“டாக்டரம்மா வணக்கம்” என்றார், அட்டையைப் பார்த்து. அவ்வளவு நீளமாக இருப்பது டாக்டரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்று நினைத்திருப்பார்.

அவள் திருத்தவில்லை. அந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன்: “நான் டாக்டர் இல்லீங்க மாஸ்டர், ஸ்கேன் எடுக்கறவ.” அவள் வாயில் அது தங்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

“குப்புறப் படுக்கணும் மாஸ்டர். ஸ்பீக்கர்ல குரல் வரும். பிடிங்கன்னா பிடிக்கணும், விடுங்கன்னாத்தான் விடணும். நடுவுல அசையக் கூடாது, இருமக் கூடாது.”

“எங்கிட்டயா சொல்றீங்க?” என்று சிரித்தார் அவர். “அட்டென்ஷன்னா அட்டென்ஷன்தான். ஒரு தடவை பசங்களை நிக்க வெச்சுட்டு, ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்னு போயிட்டேன். ஸ்டாண்ட் அட் ஈஸ் சொல்ல மறந்துட்டேன். திரும்பி வந்தா அத்தனை பேரும் வெயில்ல அப்படியே நிக்கறான். ஒருத்தன் மயங்கி விழுந்துட்டான். விழுந்தவனும் அட்டென்ஷன்லதான் விழுந்திருந்தான்.”

“பெருமையா வேற சொல்லுங்க” என்றாள் மகள். “ஒழுங்கா சொன்னபடி படுங்கப்பா. வீட்டுல மாதிரி பண்ணாதீங்க.”

5

பணி விரிவாக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கட்டுரைத்தனமாகப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், குட்டிப் பகுதிதான்.

விரிவாக்கம் என்றால் என்ன? சாலையை விரிவாக்கினால் ஓரத்து வீடு போகும். போர்வையை விரித்துத் தலையை மூடினால் கால் வெளியே வரும். எக்ஸ்ரே அக்காவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரை விரித்தார்கள். இந்தப் பக்கத்து நாற்காலி காலியானது. அதில் யார் உட்காருவது என்று எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. மைக்கில் மூன்று சொல் சொல்வதையெல்லாம் ஒரு வேலையாகவே யாரும் எண்ணியிருக்கவில்லை, அவள் உட்பட.

பயிற்சி நாட்களில் இன்னோர் ஊழியர் வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் வந்த அன்று எக்ஸ்ரே அறையில் கூட்டம். அவரை அங்கே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கென்று மேலிடத்திலிருந்து ஒரு குழு இந்தப் புதிய ஏற்பாட்டைப் பார்க்க வருவதாக இருந்தது.

“தள்ளிப் போடலாமா சார்?” என்று அவள் பெரிய டாக்டரிடம் கேட்டாள்.

“எதுக்கும்மா? நானே உக்கார்றேன். அதுல என்ன பெரிய வித்தை இருக்கு? இழு, பிடி, விடு. அவ்வளவுதானே?”

அவளும் அப்படித்தான் நினைத்தாள். இல்லாவிட்டால் நாற்காலியை அவ்வளவு சுலபமாகக் கொடுத்திருப்பாளா?

(பெரிய டாக்டரை வில்லனாக்கச் சொல்லி உள்ளே ஒரு குரல் நச்சரிக்கிறது. அவர் நல்ல மனிதர். தன் வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்த டாக்டர்கள் எத்தனை பேர்? அவளை ஊசி பிடிக்கவைக்க அவர்தான் சக டாக்டர்களிடம் மல்லுக்கு நின்றார். வில்லன் கிடைத்தால் கதை எளிது. கிடைக்கவில்லை.)

6

“ஊசி உள்ளே போயிற்று.”

ஊசி தானாகப் போகாது. அடித்தேன்.

“அவள் ஊசியை உறுதியோடு —”

உறுதி என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஈயக் கோட்டின் கனம் தோளை அழுத்த, கையுறைக்குள் விரல்கள் வியர்த்திருந்தன. அது தெரியும்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாஸ்டர் குப்புறப் படுத்திருந்தார், முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. மரத்துப்போக மருந்து போட்டாள். ஸ்பீக்கரில் பெரிய டாக்டரின் குரல் வந்தது: “மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க. அட, பரவாயில்லையே, எனக்கும் நல்லாவே வருது!” மாஸ்டரின் தோள் சிரிப்பில் லேசாகக் குலுங்கியது. இன்னொரு முறை பார்த்தார்கள். அப்போதும் சரி.

மூன்றாவது முறை “பிடிங்க” என்று குரல் வந்தபோது அவள் ஊசியை நுரையீரலின் உறையைத் தாண்டிச் செலுத்தினாள். அழகான வேலை. உள் ஊசி துணுக்கோடு வெளியே வந்தது. வெளிக்குழல் மட்டும் உள்ளே நின்றது, இன்னொரு துணுக்குக்காக. இப்போது “விடுங்க” வர வேண்டும். அவர் மெதுவாக மூச்சு விடுவார். அவ்வளவுதான் பாக்கி.

அவள் மோவாயை இறக்கினாள். பெரிய டாக்டர் இறக்குவாரே, அச்சாக அதே மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்து குழு நுழைந்திருந்தது. பெரிய டாக்டர் பாதி திரும்பியிருந்தார். அவர் உதடு அசைவது அவளுக்குத் தெரிந்தது. மேற்பல் கீழுதட்டைத் தொட்டது: வி.

விடுங்க என்றும் இருக்கலாம். விரிவாக்கம் என்றும் இருக்கலாம்.

ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.

மாஸ்டர் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. கண்கள் அவளைப் பார்த்தன. கேள்வியாகக்கூட இல்லை, மைதானத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளை மாஸ்டரைப் பார்க்கிற பார்வை. அவர் காதுக்கும் அவள் வாய்க்கும் நடுவே ஒரு கைநீளம் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் இருந்து யாரிடமும் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. வாழ்நாளில் அவளைவிட அதிக முறை அந்தச் சொல்லைச் சொன்னவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது.

அவள் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மாஸ்டரின் உடம்பு மொத்தமும் ஒரே இருமலாக வெடித்தது.

7

ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில் நான் பல நாள் உட்கார்ந்திருந்தேன்.

பழக்கம் என்று முதலில் எழுதினேன். குரல் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். தான்தான் அந்தக் குரல் என்பது மறந்து, அது வரும் என்று காத்திருந்தாள். நல்ல காரணம். படிப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

பயம் என்று அடுத்து எழுதினேன். டாக்டர் உட்கார்ந்திருக்கும்போது முந்திக்கொண்டு பேசுவதா? இதற்கும் உச்சு உண்டு.

இரண்டையும் அவளிடம் காட்டினேன். (எழுதுகிறவன் இப்படியெல்லாம் செய்வது உண்டு.) அவள் படித்துவிட்டு அட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள். “ரெண்டும் உண்மைதான்” என்றாள். “ஆனா அது இல்ல.”

அது எது என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கணவரிடம் சொன்னாளே: இனிமே என் வாயால வராது. ஊசி பிடித்த கை, விடுங்க என்று கத்துமா? பெரிய டாக்டர் என்றைக்காவது கத்தினாரா? அந்தக் குழுவின் கண்ணெதிரே மறுபடியும் மைக்குக்காரியாகிவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான் வரவில்லை. அந்த ஒரு மூச்சு அவருடையது.

8

இருமலில் வெளிக்குழல் கிழித்த இடம் வழியாகக் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியது. விலாவில் குழாய் போட்டு வார்டில் சேர்த்தார்கள். இந்த ஊசிக்கு இது புதிதல்ல. எல்லாம் சரியாக நடந்தாலும் சிலருக்கு இப்படி ஆகும். முன்கூட்டியே சொல்லித்தான் சம்மதம் வாங்குகிறார்கள். ஆகவே யாரும் எதுவும் சொல்லாமலே இருந்துவிட வழி இருந்தது. அதுதான் இதில் மோசம்.

“நான் சொன்னேன்மா” என்றார் பெரிய டாக்டர். முகம் வெளுத்திருந்தது. “விடுங்கன்னு சொன்னேன். அத்தனை பேரும் கேட்டாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்கிறார், விரல் பொத்தானில் இல்லை. குழுவினர் கேட்டார்கள். கேட்க வேண்டியவரைத் தவிர எல்லோரும் கேட்டார்கள்.

“சார், நானாவது உள்ளேயிருந்து —”

“விடும்மா.”

“இல்ல சார், அவர் என்னையே பாத்துக்கிட்டு —”

“விடுன்னு சொல்றேன்ல. இதை நீ பெருசு பண்ணினா என்ன ஆகும்? டாக்டர் அல்லாதவங்ககிட்ட ஊசியைக் குடுத்தா இப்படித்தான்னு சொல்லக் காத்துக்கிட்டிருக்காங்க. நாளைக்கே மூடிடுவாங்க. உன் பின்னால பயிற்சி முடிச்சு நிக்கறாங்களே, அவங்கெல்லாம் திரும்ப மைக்குக்குப் போகணும். யோசிச்சுப் பாரு.”

யோசித்தாள். அவர் சொன்னதும் உண்மை. சக ஊழியர்களும் அதையே சொன்னார்கள், கெஞ்சலாக: “அக்கா, விடுங்கக்கா.” வீட்டில் கணவர் வண்டியைக்கூடத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்கூடக் கடைசியில், “விடு. ஆள் பிழைச்சுட்டார்ல?” என்றார்.

அன்று வராத சொல் அதன் பிறகு எல்லோர் வாயிலும் தாராளமாக வந்தது.

(இலக்கணக் குறிப்பு. செய்வினை, செயப்பாட்டுவினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வெளியே செய்வினை என்றால் யாரோ வைத்தது. வைத்த ஆளைத் தேடி ஊரே அலையும். மருத்துவமனையில் எல்லாம் செயப்பாட்டுவினை, ஆளே கிடையாது. ஊசி செலுத்தப்பட்டது. துணுக்கு எடுக்கப்பட்டது. காற்றுக்கசிவு கண்டறியப்பட்டது. அன்றைய குறிப்பு முழுவதிலும் ஆள் வைத்த வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘நோயாளி மூச்சைப் பிடித்துவைக்கத் தவறினார்.’)

9

மகளிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். மருத்துவமனைத் தமிழைக் கொஞ்சம் மென்மையாக்கி: “அப்பா கடைசி நிமிஷத்துல இருமிட்டார். அவராலயும் என்ன பண்ண முடியும், பாவம்.”

எக்ஸ்ரே அக்கா வார்டுக்குப் போனது நோயாளி தூங்கியிருப்பார் என்று நினைத்து. எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விலாவிலிருந்து குழாய் இறங்கி, கட்டிலடியில் தண்ணீர்க் குப்பிக்குள் போயிற்று. அவர் மூச்சு விடும்போதெல்லாம் குப்பியில் குமிழி வந்தது.

“ஒழுங்கா சொன்னபடி இருந்திருந்தா நேத்தே வீட்டுக்குப் போயிருக்கலாம்” என்று மகள் தலையணையை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தாள். “ஊரையே அட்டென்ஷன்ல நிக்க வெச்சவராம். தன்னால ஒரு மூச்சு பிடிக்க முடியல.” கோபம் இல்லை அது, அழுகையை அப்படி மாற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்தாள். “வாங்க டாக்டர். பாருங்க இவரை. ஒரு நிமிஷம், காப்பி வாங்கிட்டு வந்துடறேன். நீங்களே ரெண்டு வார்த்தை திட்டுங்க.”

மாஸ்டர் முதுகை நிமிர்த்தப் பார்த்தார். குழாய் இழுத்தது.

“மன்னிச்சுருங்க டாக்டரம்மா.”

“எதுக்கு மாஸ்டர்?”

“உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். முதல் முதலா தனியா பண்ணினீங்களாமே. நர்ஸம்மா சொன்னாங்க.” குமிழி. “எத்தனை பசங்களை அடிச்சிருக்கேன் தெரியுமா, கொஞ்சம் அசைஞ்சதுக்கு. எம் பொண்ணையே அடிச்சிருக்கேன்.” குமிழி. “இவ்வளவு நேரம் பிடிச்சேன்னுதான் நினைச்சேன். ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. ஆனா இல்லங்கறாங்க. வயசாயிட்டா நேரமே தெரியாது போல.” குமிழி, குமிழி.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க பக்கத்துலயே நின்னீங்களே, நீங்க சொல்லுங்க” என்றார் அவர். “நான் சரியாத்தான் பிடிச்சேனா? இல்ல முன்னாடியே விட்டுட்டேனா?”

10

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு, மலருக்கு: அவள் அவர் கையைப் பற்றிக்கொள்கிறாள். அவர் குணமாகிறார். துணுக்கில் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வருகிறது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். (பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்காதீர்கள். மலர்களில் வருவார்கள்.)

இரண்டாவது, வீரமான முடிவு: “மாஸ்டர், நீங்க கடைசிவரைக்கும் சரியாத்தான் பிடிச்சீங்க. விடுங்கன்னு சொல்ல வேண்டியவங்க சொல்லல. அதுல நானும் ஒருத்தி. நான் டாக்டர் இல்ல.” மகள் காப்பியோடு வாசலில் நிற்கிறாள். திட்டம் மூடப்படுகிறது. அவள் நாற்காலிக்குத் திரும்புகிறாள், அவள் பின்னால் நின்றவர்களும். எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் இதற்கான விலையை நானா கொடுக்கப்போகிறேன்? வீரத்தை இலவசமாக வழங்குவதில் எழுத்தாளர்களை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாவது: “அதையெல்லாம் விடுங்க மாஸ்டர்” என்கிறாள். கனிவாகச் சொல்கிறாள். அவர் விட்டுவிடுகிறார். துணுக்கின் முடிவு வருகிறது, நல்லதாக இல்லை. அட்டென்ஷனில் நிற்கத் தவறியவராகவே அவர் போய்ச் சேருகிறார். மூன்றிலும் இதுதான் நடக்கக்கூடியது. அதனாலேயே இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே கதை கேள்விக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கதவுக்கு வெளியே மகளின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. எக்ஸ்ரே அக்கா வாயைத் திறந்திருக்கிறாள். காற்றை உள்ளே இழுத்தாயிற்று. மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பதிலுக்காகக் காத்திருக்கும்போது அவருக்கு ஒரு பழக்கம். தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

குப்பியில் குமிழி நின்றுவிட்டது.

என்னைப் பார்க்காதீர்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். என் உதடு அசைவது உங்களுக்குத் தெரியலாம். விரல் பொத்தானில் இல்லை. நீங்கள்தான் கிட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு கைநீளம்கூட இல்லை.